பணியிடத்தில் எனக்கு உரியது எது? – வாசகர் கேள்வி பதில்

‘எனக்கு இது கிடைத்தே ஆக வேண்டும்’ என்ற மனப்போக்கு பணியிடங்களில் உண்டாக்கும் உரசல்களைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். எழுதியவர்களையும் அவர்கள் பணியாற்றும் இடங்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம்முடன் ஒரே நாளில் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததும், தமக்கும் அது உரியது என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். வேலையில் அவர் மோசமில்லை. ஆனால் சொன்ன வேலைக்கு மேல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார். பிழையைச் சுட்டிக்காட்டினால் முகம் வாடிவிடுகிறது. ‘நான் இந்த நிறுவனத்துக்கு எவ்வளவோ செய்திருக்கிறேன்’ என்பதுதான் எப்போதும் பேச்சு. அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: அந்த இளைஞரின் குணத்தைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன், அவர் கண்ணில் என்ன பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவருக்கு உயர்வு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. ஏன் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த நிலைக்குப் போக என்ன வேண்டும் என்பது உங்கள் நிறுவனத்தில் எழுத்தில் இருக்கிறதா என்பதும் இல்லை. இரண்டும் நடக்கவில்லை என்றால், அவர் தமக்குத் தெரிந்த ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்: இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம், ஆகவே இருவருக்கும் ஒன்றாகவே வர வேண்டும். அந்தக் கணக்கு தவறானதுதான். ஆனாலும் வேறு கணக்கை அவருக்கு எவரும் காட்டவில்லை.

தாம் நிறையச் செய்திருப்பதாக அவர் சொல்வதையும் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டுப் பொறுப்புகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான பொறுப்புகளில், இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டியபோது முழுமையைத் தாண்டிவிட்டது. எவரும் ஏமாற்றவில்லை, நாம் செய்தது நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது அப்படி வருவதில்லை, அவ்வளவுதான். உங்கள் குழுவில் இருப்பவருக்கும் தாம் நேரம் கடந்து உட்கார்ந்திருந்த மாலைகள் நினைவில் இருக்கும். அவர் அனுப்பிய அறிக்கையை நீங்கள் மறுநாள் காலையில் வரிவரியாகத் திருத்தியது அவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே பேச்சை அவருடைய மனப்போக்கிலிருந்து தொடங்காதீர்கள். ‘உனக்கு எதிர்பார்ப்பு அதிகம்’ என்று ஆரம்பித்தால், அந்தக் கணத்திலிருந்து அவர் தம்மைக் காத்துக்கொள்வதில் இறங்கிவிடுவார், வேலையைப் பற்றிப் பேச முடியாது. ஒரு தாளில் அடுத்த நிலையில் இருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி அவரிடம் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடந்த மாதங்களில் தாம் செய்த எந்த வேலை அதற்குச் சான்று என்பதை அவர் எழுதட்டும். அதே தாளின் இன்னொரு படியில் நீங்கள் தனியாக எழுதுங்கள். பிறகு இரண்டையும் மேசை மேல் அருகருகே வைத்துப் படியுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றிரண்டு அவருடைய தாளில் இருக்கும். அவற்றை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். காலியாகக் கிடக்கும் இடங்களை அவரே பார்ப்பார். உயர்வு பெற்ற மற்றவரைப் பற்றி அவர் கேட்டால், இன்னொருவருடைய மதிப்பீட்டைப் பற்றிப் பேச முடியாது என்று சொல்லி, அந்த நிலைக்கு வேண்டியவை என்ன என்பதை மட்டும் விளக்குங்கள்.

அந்தப் பேச்சின் முடிவில் ஒரு மேலாளர் செய்யக்கூடாத காரியம், ‘பார்க்கலாம்’ என்று சொல்லி எழுந்துபோவது. கேட்டவர் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து, வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினார்கள் என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். இப்போது இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிட்டு, மறுபடி எந்தத் தேதியில் இதே தாளை எடுத்துப் பார்ப்போம் என்பதையும் குறித்துக் கொடுங்கள்.

இன்னொன்று. சொன்ன வேலைக்கு மேல் செய்வதில்லை என்று குறைபட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரிடம் குற்றம் காண எனக்கு மனமில்லை. பார்க்க வேண்டியது வேறு: அவர் செய்யாமல் விட்ட வேலையின் சுமை யார் தலையில் விழுகிறது? நிறுவனம் ஆள் சேர்க்காமல் மிச்சம் பிடிப்பதால் தேங்கும் வேலையை அவர் செய்ய மறுத்தால், அது நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். தாம் தொடங்கியதை அரைகுறையாக விட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரர் அதை முடிக்கட்டும் என்று போகிறார் என்றால், அங்கேதான் நீங்கள் கண்டிப்புக் காட்ட வேண்டும். வரும் கடிதங்களுக்கும் இதே கேள்வியைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

கேள்வி: இன்றைய இளம் தலைமுறையே இப்படித்தான் என்று எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதானா?

பதில்: இல்லை. வேலையைப் பற்றிய மனநிறைவு, நிறுவனத்தின் மீதான பற்று, விலகும் எண்ணம் ஆகியவற்றில் தலைமுறைகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்த பல ஆய்வுகளை டேவிட் கோஸ்டான்சாவும் அவருடைய குழுவினரும் ஒன்றுசேர்த்து அலசி 2012-இல் வெளியிட்டார்கள். வேறுபாடுகள் மிகச் சிறியவை, பலவற்றில் இல்லை என்றே சொல்லத்தக்கவை என்பதுதான் அவர்கள் கண்டது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2020-இல் வெளியிட்ட அறிக்கையும், தலைமுறைப் பெயர்களை வைத்து ஊழியர்களைப் பிரித்து நிர்வகிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. இருபத்தைந்து வயதில் மூத்தவர்களும் அவசரப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் இதையேதான் சொன்னார்கள்.

கேள்வி: எனக்கு மீதமிருக்கும் வருடாந்திர விடுப்பில் பத்து நாள் கேட்டு ஒரு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்தேன். ‘வேலை இருக்கும்போது விடுப்பு கேட்பதை உரிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அன்றிலிருந்து குற்றவாளி போல உணர்கிறேன். நான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பதில்: உரிமைதான், அம்மா. அதில் ஐயமே வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வையும், வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பையும், ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் ஒவ்வொரு மனிதருக்கும் உரியவை என்று சொல்கிறது. ஊதியத்துடன் கூடிய விடுமுறை குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1970-இல் நிறைவேற்றிய 132-ஆம் உடன்படிக்கை, ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது மூன்று பணி வாரங்கள் என்று வரையறுத்தது. உங்கள் நாட்டின் சட்டமும் உங்கள் பணி நியமன ஆணையும் எத்தனை நாள் தருகின்றன என்பதை எடுத்துப் பாருங்கள். அந்த நாட்கள் உங்கள் ஊதியத்தைப் போலவே நீங்கள் உழைத்துச் சம்பாதித்தவை.

எந்தத் தேதிகளில் எடுப்பது என்பதில் நிறுவனத்துக்கும் ஒரு சொல் உண்டு என்பதை மறுக்க முடியாது. குறிப்பிட்ட அந்த நாட்களில் வேலை நின்றுபோகும் என்றால், வேறு தேதிகளைச் சொல்லும் பொறுப்பு மேலாளருடையது. ஒரு மாதம் முன்னதாகவே நீங்கள் தெரிவித்துவிட்டதால், உங்கள் இடத்தில் யாரை அமர்த்துவது என்று ஏற்பாடு செய்ய அவருக்குப் போதிய காலம் இருந்தது. சக ஊழியர் எவர் தலையிலும் நீங்கள் சுமையைத் திடீரென்று இறக்கிவைக்கவில்லை. விண்ணப்பத்தை மின்னஞ்சலில் மறுபடி அனுப்பி, இந்தத் தேதிகள் இயலாதென்றால் எந்தத் தேதிகள் இயலும் என்று எழுத்தில் கேளுங்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். சட்டப்படி உள்ளதைக் கேட்கிறவரைப் பேராசைக்காரர் போல நடத்துவது பல பணியிடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அப்படி ஒரு முறை அவமானப்பட்டவர் அடுத்த முறை நோய்வாய்ப்பட்டாலும் விடுப்பு கேட்கத் தயங்குவார்.

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். லாபம் நன்றாக இருந்த மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எல்லோருக்கும் ஒரு மாத ஊதியத்தைக் கூடுதலாகக் கொடுத்தேன். இந்த ஆண்டு தொழில் படுத்துவிட்டதால் கொடுக்கவில்லை. நன்றி சொன்ன அதே வாய்கள் இன்று என்னைத் தூற்றுகின்றன. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது சரியாகத்தான் இருக்கிறது. இனி எதையுமே கொடுக்கக்கூடாது என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. நல்ல மனதோடு கொடுத்தவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஊழியர் பக்கமிருந்து பாருங்கள். முதல் ஆண்டு அது எதிர்பாராத மகிழ்ச்சி. இரண்டாம் ஆண்டு, போன முறை வந்ததே என்ற நினைப்பு. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அந்தப் பணம் யாரோ ஒருவர் வீட்டில் பிள்ளையின் கல்விக் கட்டணமாகவும், இன்னொருவர் வீட்டில் கடன் தவணையாகவும் கணக்கில் ஏறிவிட்டது. வேலைக்கான ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பகுதி போக, இரு தரப்பும் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் மனதில் நம்பிக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டு. டெனிஸ் ரூசோ 1989-இல் எழுதிய கட்டுரையில் இதை உளவியல் ஒப்பந்தம் என்ற பெயரில் விரிவாக ஆராய்ந்தார். அதில் சிக்கல் என்னவென்றால், ஒரு தரப்பின் மனதில் இருப்பது மறு தரப்புக்குத் தெரியாமலே இருக்கலாம். நீங்கள் பரிசு என்று கொடுத்தீர்கள். அவர்கள் ஊதியத்தின் ஒரு பகுதி என்று வாங்கினார்கள். இது லாபத்தைப் பொறுத்தது என்று அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது எழுத்தில் சொன்னீர்களா? சில நாடுகளில், தொடர்ந்து வழங்கப்பட்ட சலுகையைச் சட்டமே பணி நிபந்தனையாகக் கருதவும் கூடும். ஆகவே ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி என்ன செய்வது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்டது அது. ஒரே நிறுவனத்துக்கு மூன்று ஆலைகள் இருந்தன. ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால், இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்கு எல்லோருடைய ஊதியமும் 15 சதவீதம் குறைக்கப்பட்டது, மூன்றாவதில் குறைக்கப்படவில்லை. ஊதியம் குறைந்த ஓர் ஆலையில் தலைமை நிர்வாகியே ஊழியர்களைக் கூட்டி, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில், ஊதியம் குறைக்கப்படுகிறது என்ற செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் பத்து வாரங்களில் ஆலையிலிருந்து பொருட்கள் திருடு போனது, ஊதியம் குறைந்த இரண்டு இடங்களிலும் கூடியது. ஆனால் விளக்கம் சொல்லாத ஆலையில் அது மிக அதிகமாக இருந்தது. பழைய ஊதியம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. இரண்டு ஆலைகளிலும் குறைந்த தொகை ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் ஊழியர்களைக் கூட்டி, வரவு செலவைப் பேப்பரில் வைத்துக் காட்டுங்கள். உங்கள் சொந்த வருமானம் எவ்வளவு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டு அவர்களுடைய தியாகத்தை மட்டும் கேட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இனிக் கொடுக்கும்போது, எந்த அளவு லாபம் வந்தால் எந்தக் கணக்கில் பங்கு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடியோடு நிறுத்திவிடும் எண்ணத்தை மட்டும் கைவிடுங்கள். கொடுத்தது தவறு இல்லை. கொடுக்கும்போது நிபந்தனையைச் சொல்லாமல் விட்டதுதான் இவ்வளவு மனக்கசப்புக்கும் இடம் கொடுத்தது.

கேள்வி: வேறு நிறுவனத்தில் கூடுதல் ஊதியம் தருகிறார்கள், நீங்களும் தராவிட்டால் போய்விடுவேன் என்று சொல்லும் ஊழியரை எந்த வகையில் சேர்ப்பது?

பதில்: அவர் பேரம் பேசுகிறார். மறுக்கும் சுதந்திரத்தை உங்களுக்கு விட்டுவைத்துத்தான் கேட்கிறார். நீங்கள் முடியாது என்றால் அவர் போவார், அந்த இழப்பிலும் லாபத்திலும் அவருக்கும் பங்கு உண்டு. போகவும் மாட்டேன், உழைக்கவும் மாட்டேன், ஆனால் கொடுத்தாக வேண்டும் என்பவரை இவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் பிரிவில் பணிமூப்பு மிக்கவர் ஒருவர் இருக்கிறார். வாராந்திர ஷிப்ட் பட்டியல் ஒட்டப்பட்ட அன்று மாலைக்குள், இரவு ஷிப்டில் அவருடைய பெயர் பென்சிலால் அடிக்கப்பட்டு, அந்த இடத்தில் என் பெயரோ என்னைப் போலப் புதிதாக வந்த இன்னொருவர் பெயரோ எழுதப்பட்டிருக்கும். கேட்டால், ‘நாங்கள் பார்க்காத இரவா? எல்லாம் அனுபவித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்’ என்பார். மேலாளருக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை. புகார் செய்தால் என்னைச் சண்டைக்காரி என்பார்கள். பேசாமல் இருந்துவிட்டு, நானும் வேலையில் அக்கறையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பதில்: இந்த முறை வந்த கடிதங்களில் என்னை அதிகம் பாதித்தது உங்களுடையதுதான். மற்ற கடிதங்களில் ஊழியரும் நிறுவனமும் எதிரெதிரே நிற்கிறார்கள். உங்கள் இடத்திலோ, ஒருவர் தமக்கு உரியது என்று எடுத்துக்கொள்வதன் விலையை, அதற்கு ஒப்புக்கொள்ளாத சக ஊழியர் தூக்கத்தைக் கொடுத்துக் கட்டுகிறார். இந்த மனப்போக்கின் மிகக் கொடிய வடிவம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இளைஞர்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். பணிமூப்பைக் காட்டிச் செய்யப்படும் இது நம் கண்ணில் படுவதே இல்லை.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இளமையில் அவர் இரவுகளை மாய்ந்து மாய்ந்து பார்த்திருப்பார். வயதானால் ஓய்வு கிடைக்கும் என்று அவருக்கு யாராவது சொல்லியும் இருக்கலாம். அந்த எதிர்பார்ப்பைத் தந்தது நிறுவனம். அவரோ அதை உங்களிடம் வசூலிக்கிறார். மூத்தவர்களுக்கு இரவுப் பணியைக் குறைப்பது நியாயம் என்று நிறுவனம் கருதினால், அதை விதியாக எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்து, கூடுதல் இரவுகளை ஏற்பவர்களுக்கு ஈடும் கொடுக்கலாம். பணிமூப்பின் அடிப்படையில் ஷிப்டைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் இடங்கள் உண்டு; அங்கே புதியவருக்கும் தம் முறை எப்போது வரும் என்று தெரியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை, இரவில் உழைப்பவர்களுக்கு வேலை நேரத்திலோ, ஊதியத்திலோ, அதையொத்த பயன்களிலோ ஈடு கிடைக்க வேண்டும் என்கிறது. இரவு வேலை ஒரு சுமை என்பதை உலகமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, அதை ஒரு பென்சில் கோட்டால் உங்கள் பெயருக்கு மாற்றிவிட எவருக்கும் அதிகாரம் கிடையாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பட்டியல் ஒட்டப்பட்டவுடன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றப்பட்ட பிறகு இன்னொன்று. சில வாரங்கள் இதைச் சேருங்கள். அதற்கிடையில் அவரிடம் ஒரே ஒரு முறை, தனியாக, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: ‘சார், இந்த வாரம் நான் இரவு வர இயலாது. மாற்ற வேண்டுமென்றால் மேலாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், பழைய கணக்குகளைக் கிளற வேண்டாம். பிறகு, பாதிக்கப்பட்ட அந்த இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். அவரைப் பற்றிய புகாராக அதைக் கொண்டுபோகாதீர்கள். யார் யாருக்கு எத்தனை இரவுகள் ஒதுக்கப்பட்டன, உண்மையில் யார் யார் எத்தனை இரவுகள் வந்தார்கள் என்ற இரண்டு வரிசைகளை முன்னால் வையுங்கள். ஒட்டிய பட்டியலை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள். மாற்றம் வேண்டுமானால் இருவர் கையெழுத்தும் மேலாளர் கையெழுத்தும் வேண்டும் என்று ஒரு விதி வைக்கச் சொல்லுங்கள். இதை மறுப்பது எந்த மேலாளருக்கும் கடினம். மறுத்தால், அதே இரண்டு வரிசைகளை மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். உங்களைச் சண்டைக்காரி என்று யாராவது சொன்னாலும், அங்கே பேசுவது அந்த எண்களாகத்தான் இருக்கும்.

அக்கறையைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வந்ததில் வியப்பில்லை. தான் போடுவதையும் பெறுவதையும் அடுத்தவர் போடுவதோடும் பெறுவதோடும் மனிதர் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றும், குறைவாகப் பெறுவதாகத் தோன்றினால் உழைப்பைக் குறைத்துச் சமன் செய்ய முயல்கிறார் என்றும் ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இலேயே விளக்கினார். ஆனால் நீங்கள் குறைத்துக்கொள்வதை அந்த மூத்தவர் உணரவே மாட்டார். அது போய் விழப்போவது உங்களோடு இரவில் நிற்கும் அந்த இன்னொரு புதியவர் மீது.

மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அடித்து எழுதப்பட்ட அந்தப் பட்டியலைக் கடந்து தினமும் நடந்துபோகிறவர்கள் நீங்கள். வாய் திறக்காமல் இருப்பதன் மூலம் அந்தப் பென்சிலுக்கு அதிகாரம் கொடுத்தவர்கள் நீங்களேதான்.

கேள்வி: ஊழியர்களைப் பற்றியே பேசுகிறோம். இரவு பத்தரை மணிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, காலையில் ‘ஏன் பதில் இல்லை?’ என்று கேட்கும் மேலதிகாரிக்கு இது பொருந்தாதா?

பதில்: நன்றாகவே பொருந்தும். வேலை நேரத்துக்கு விலை கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுவதையும் தமக்கு உரியதாக எண்ணுவது வேறென்ன? தொழிலகங்களில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பைத்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் தன் முதல் உடன்படிக்கையாகவே நிறைவேற்றியது. அப்போது ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்தது. இப்போது வேலை சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. பிரான்சில் 2017 தொடக்கம் முதல், ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், உண்மையான அவசரம் எது, அதற்கு யாரை அழைப்பது, மற்றவை காலை வரை காத்திருக்கலாமா என்ற மூன்றையும் குழுவாகச் சேர்ந்து கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள முடியும். ஒருவர் தனியாகக் கேட்டால் சோம்பேறி என்பார்கள். ஆகவே சேர்ந்தே கேளுங்கள்.

கேள்வி: முன்பு இருந்த நிறுவனத்தில் பல ஆண்டுகள் நாயாய் உழைத்தேன். எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். இப்போது இருக்கும் இடத்தில் நல்ல மனிதர்கள்தாம், ஆனால் எனக்கு எதுவும் போதவில்லை. ஒரு கூட்டத்துக்கு அழைக்காவிட்டால்கூட அவமதிப்பாகத் தோன்றுகிறது. சக ஊழியர் உதவி கேட்டால், நான் ஏன் செய்ய வேண்டும் என்றே முதலில் தோன்றுகிறது. ‘அவர்கள் செய்ததற்கு இவர்களிடம் ஏன் வசூலிக்கிறீர்கள்?’ என்று என் மனைவி கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: உங்கள் மனைவி கண்டது மிகச் சரி. எமிலி ஸிடெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் காட்டுகிறது. சிலரிடம், வாழ்க்கை உங்களுக்கு அநியாயம் செய்த ஒரு சமயத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள்; வேறு சிலரிடம், சலிப்பாக இருந்த ஒரு சமயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த பின், அநியாயத்தை நினைத்துப் பார்த்தவர்கள் ஒரு சிறிய உதவி செய்ய அதிகம் மறுத்தார்கள். தாம் பட்டது போதும், இனி மற்றவர்கள் தமக்காகச் செய்யட்டும் என்ற உணர்வு, அந்த நினைவிலிருந்து தானாகவே எழுந்துவிடுகிறது. சில நிமிடங்கள் நினைத்ததற்கே இப்படி என்றால், பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பறிபோனவரின் மனம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். உங்களை நீங்களே கடுமையாகத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

பழைய இடத்தில் உங்களுக்கு உண்டான கடன் உண்மையானது. அதை அங்கேதான் கேட்க வேண்டும். அறிவிப்புக் காலத்துக்கான ஊதியம், பணிக்கொடை, எடுக்காத விடுப்புக்கான பணம் போன்றவற்றில் வர வேண்டியது ஏதேனும் இருக்கிறதா, வழக்குத் தொடுக்கக் காலக்கெடு மீதமிருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் கேளுங்கள். அங்கே கேட்காமல் விட்டதுதான் இங்கே சின்னச் சின்ன விஷயங்களாகக் கசிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிய இடத்தைப் பொறுத்தவரை, சேரும்போது உங்களுக்கு என்னென்ன சொன்னார்கள் என்பதை எடுத்துப் பாருங்கள்: ஊதியம், பொறுப்பு, யாரிடம் அறிக்கை தர வேண்டும், எந்தக் கூட்டங்கள் உங்கள் பொறுப்புக்குள் வருகின்றன. மனம் புண்படும்போதெல்லாம் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். சொன்னதில் ஒன்று மீறப்பட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். அது உங்களுக்கு உரியது. அதில் இல்லாத ஒன்று என்றால், அழைக்கப்படாத அந்தக் கூட்டத்தை நடத்துபவரிடம் போய், ‘என் வேலைக்கு இதில் தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன், நான் வரலாமா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வாருங்கள் என்றோ, தேவைப்படாது, முடிவை எழுதி அனுப்புகிறேன் என்றோ ஒரு பதில் வரும். எது வந்தாலும், அவர்கள் உங்களை ஒதுக்கினார்களா என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டியிருக்காது. உதவி கேட்டு வந்த அந்தச் சக ஊழியருக்கு, நாளைக்கே கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பழைய நிறுவனத்தின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.